தோட்டா விலை 38-லிருந்து 55: நகையை அடகு வைத்து ஸ்டாக் வாங்கலாமா?

கேள்வி: ராயபுரத்தில் குடியிருக்கிறேன். வயது 48. ஹார்பரில் கிளியரிங் ஏஜென்சி நடத்துகிறேன். ஆபீஸ் செலவு போக மாதம் 1,40,000 ரூபாய் கைக்கு வரும். வீட்டுக் கடன் தவணை 32,000. மகளுக்கு 22 வயது, எம்.காம். படிக்கிறாள். நான்கு வருஷமாக ட்ராப் (மெஷின் வீசும் தட்டைப் பறக்கும்போதே சுடும் போட்டி) சுடுகிறாள், மாநிலப் போட்டியில் மெடல் வாங்கியிருக்கிறாள். துப்பாக்கியும் லைசென்ஸும் அவள் பெயரில்தான். ஆரம்பித்தபோது ஒரு தோட்டா 38 ரூபாய், இப்போது 55. தட்டு 8 ரூபாயிலிருந்து 12 ஆகிவிட்டது. ஞாயிறுதோறும் நான்கு ரவுண்ட், ரவுண்டுக்கு 25 தட்டு, சராசரி 33 தோட்டா. போன வருஷம் மியூச்சுவல் ஃபண்டில் மாதாமாதம் போட்ட 10,000 ரூபாய் எஸ்ஐபியை நிறுத்தித்தான் சமாளித்தேன். அமெரிக்காவில் இருக்கும் மைத்துனர், ரீலோடிங் மெஷின் கொண்டுவருகிறேன், வீட்டிலேயே தோட்டா அடைத்துக்கொள்ளுங்கள் என்கிறார். அதை நம்பி இரண்டு சாக்கு காலிக் கூடு சேர்த்து வைத்திருக்கிறேன். இல்லாவிட்டால் மனைவியின் நகையை வைத்து, விலை இன்னும் ஏறுவதற்குள் ஒரு வருஷத்துக்கான 6,000 தோட்டாவை மொத்தமாக வாங்கிவிடலாமா? எது லாபம்?

பதில்: இரண்டும் வேண்டாம் சார். காரணத்தைச் சொல்கிறேன்.

உங்கள் கடிதத்தில் எனக்குப் பிடித்தது, ரவுண்டுக்கு 33 தோட்டா என்று எண்ணி வைத்திருப்பதுதான். பிள்ளைகளின் விளையாட்டுச் செலவு என்று என்னிடம் வருகிற பெற்றோர் பலருக்குத் துப்பாக்கி என்ன விலை, கிட் என்ன விலை என்று தெரியும். மாதம் எவ்வளவு போகிறது என்று கேட்டால் விழிப்பார்கள். உங்கள் வீட்டிலிருந்து காசிமேடு பத்து நிமிஷம். அங்கே விசைப்படகு வைத்திருப்பவரிடம் பேசிப் பாருங்கள். படகு வாங்கிய கடனைவிட டீசலைப் பற்றித்தான் அதிகம் புலம்புவார். படகு ஒரு தடவை வாங்குவது, டீசல் ஒவ்வொரு தடவை கடலுக்குப் போகும்போதும் ஊற்றுவது. உங்கள் மகளின் துப்பாக்கி படகு, தோட்டா டீசல்.

கணக்கைப் போடுவோம். 33 தோட்டா 55 ரூபாய் வீதம் 1,815. 25 தட்டு 12 ரூபாய் வீதம் 300. ஆக ஒரு ரவுண்ட் 2,115. மாதம் 16 ரவுண்டுக்கு 33,840. இதே ரவுண்ட் பழைய விலையில் 1,454, மாதத்துக்கு 23,264. அதாவது பத்தாயிரத்துச் சொச்சம் ஏறியிருக்கிறது. நீங்கள் நிறுத்திய எஸ்ஐபியும் பத்தாயிரம். விலையேற்றத்தை உங்கள் ஓய்வுக்காலம்தான் கட்டிக்கொண்டிருக்கிறது. அந்தப் பத்தாயிரம் வருஷம் 10 சதவீதம் வளர்ந்தால் உங்கள் 58 வயதில் சுமார் 20 லட்சம். ரேஞ்ச் (சுடுதளம்) கட்டணமும் பெட்ரோலும் இதில் சேராது.

இந்த விலை இறங்கும் என்று காத்திருக்காதீர்கள். வெடிமருந்துக்கு அடிப்படையான நைட்ரோசெல்லுலோஸ் பருத்தியிலிருந்து வருவது. 2022-ல் உக்ரைன் போர் தொடங்கிய பிறகு பீரங்கிக் குண்டு செய்கிறவர்களும் அதே சரக்குக்காகத்தான் வரிசையில் நிற்கிறார்கள். விளையாட்டுத் தோட்டா செய்யும் கம்பெனிகள் அவர்களுக்குப் பின்னால்தான். அப்புறம் ரூபாய். 2021-ல் டாலர் 74 ரூபாயைச் சுற்றி இருந்தது, 2024 டிசம்பரில் 85-ஐத் தாண்டியது. இறக்குமதி பில் தினமும் பார்க்கும் உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. தட்டோ, தாரும் சுண்ணாம்புக்கல் பொடியும் சேர்த்து வார்ப்பதுதான். 110 மில்லிமீட்டர் அகலம், 105 கிராம் எடை. கச்சா எண்ணெய் ஏறினால் அதுவும் ஏறும், வருகிற வழியில் உடைவதற்கும் சேர்த்து நாம்தான் கொடுக்கிறோம்.

சரி, ரீலோடிங். மைத்துனர் சொல்வது அவர் ஊரில் நியாயம்தான். அங்கே கராஜில் ஒரு பிரஸ்ஸை மேஜையில் முடுக்கி வைத்து, சுட்ட கூட்டில் புது ப்ரைமர் (மருந்தைப் பற்றவைக்கும் சின்ன மூடி) தட்டி, மருந்து ஊற்றி, வாட் (மருந்துக்கும் ரவைக்கும் நடுவே வரும் அடைப்பு) செருகி, ஈய ரவை போட்டு, வாயை மடித்து மூடிவிடுவார்கள். ஆனால் அங்கேயே பழைய லாபம் இல்லை. ப்ரைமரும் மருந்தும் விலை ஏறிவிட்டன. 410, 28 மாதிரி சின்ன போர் (குழல் அளவு) துப்பாக்கி வைத்திருப்பவர்களுக்குத்தான் இன்னும் கட்டுப்படியாகிறது. உங்கள் மகள் சுடும் 12 போரில் கடைத் தோட்டாவுக்கும் கையால் அடைத்ததற்கும் உள்ள வித்தியாசம் சுருங்கிவிட்டது.

இங்கே கதையே வேறு. ஒரு ட்ராப் தோட்டாவில் ரவை 24 கிராம்தான் அனுமதி. ஒரு கிலோவில் 41 தோட்டா அடைக்கலாம். ஈயம் கிலோ 250 ரூபாய் என்று வைத்தாலும் தோட்டாவுக்கு 6 ரூபாய்தான் ஆகிறது. இதைப் பார்த்துத்தான் பலருக்கு ஆசை வருகிறது. ஆனால் மருந்தும் ப்ரைமரும் வேண்டுமே, அது இரண்டும் மளிகைக் கடைச் சரக்கு இல்லை. 1959-ம் வருஷத்து ஆயுதச் சட்டத்தின் 5-வது பிரிவுப்படி தோட்டா தயாரிக்கத் தனி லைசென்ஸ் வேண்டும். துப்பாக்கி வைத்துக்கொள்ளக் கொடுத்த லைசென்ஸ் அதற்குச் செல்லாது. மெஷின் மைத்துனரின் சூட்கேஸில் வந்து இறங்கினால், மீனம்பாக்கத்தில் உங்களுக்குப் பழக்கமான சுங்கத்துறை ஆட்களிடமே நீங்கள் நின்று பதில் சொல்ல வேண்டியிருக்கும். உங்கள் தொழிலுக்கு அந்தப் பெயர் தாங்காது. ராயபுரத்துச் சந்து வீட்டில், கேஸ் சிலிண்டருக்கு நாலடி தள்ளி வெடிமருந்து டப்பா என்பதை நான் நினைத்துப் பார்க்கவே விரும்பவில்லை.

அடுத்து நகை. 6,000 தோட்டா, 55 ரூபாய் வீதம், 3,30,000. தங்கக் கடன் வட்டி 10 சதவீதம் என்று வைப்போம். வருஷக் கடைசியில் மொத்தமாகத் திருப்பினால் வட்டி 33,000. 33,000-ஐ 55-ஆல் வகுத்தால் 600. அறுநூறு தோட்டா சுடாமலே வெடித்துவிட்டது.

விலையேற்றத்தைத் தவிர்த்தோமே என்பீர்கள். அதையும் பார்ப்போம். நான்கு வருஷத்தில் 38 ரூபாய் 55 ஆனது என்றால் வருஷத்துக்குப் பத்து சதவீதத்துக்குக் கொஞ்சம் கீழே. ஆனால் 6,000 தோட்டாவும் டிசம்பர் வரை உங்கள் அலமாரியில் உட்கார்ந்திருக்காது. மாதம் ஐந்நூறு சுட்டுத் தீர்ப்பீர்கள். சராசரியாக ஒரு தோட்டா அரை வருஷம்தான் இருக்கும், அதனால் மிச்சமாவது ஐந்து சதவீதம் அளவுக்குத்தான், சுமார் 16,500. அதைப் பிடிக்க 33,000 வட்டி. மாதாமாதம் அசலைக் கட்டிக்கொண்டே வந்தாலும் வரவும் செலவும் சமமாகும், அவ்வளவுதான். கிளியரிங் தொழிலில் பார்ட்டி பணம் இரண்டு மாதம் இழுத்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். அப்போது முழுகப்போவது மனைவியின் நகை. அவர்களிடம் கேட்டுவிட்டீர்களா என்று கடிதத்தில் இல்லை. அப்புறம் முக்கியமாக, மகளின் லைசென்ஸை எடுத்துப் பாருங்கள். ஒரு சமயத்தில் எத்தனை தோட்டா வைத்துக்கொள்ளலாம், வருஷத்துக்கு எத்தனை வாங்கலாம் என்று அதில் எழுதியிருக்கும். அந்த எண்ணைத் தாண்டி ஸ்டாக் என்ற பேச்சே கிடையாது.

அப்படியானால் என்னதான் செய்வது? மறுபடியும் காசிமேடு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். படகைக் கரையேற்றிப் பலகை மாற்றி, பெயின்ட் அடித்து, வலை பின்னுவார்கள். டீசல் செலவு கிடையாது. மகளுக்கும் அதே இரண்டு மாதம் தடைக்காலம் விடுங்கள். தேசியப் போட்டிகள் பெரும்பாலும் வருஷக் கடைசியில்தான், கத்திரி வெயிலில் சுட்டு ஆகப்போவது ஒன்றுமில்லை. உடற்பயிற்சி, கண்ணாடி முன்னால் காலித் துப்பாக்கியைத் தோளில் ஏற்றி இறக்கும் பழக்கம், பரீட்சை என்று அந்த மாதங்கள் ஓடிவிடும்.

போட்டிக்கு முந்தைய மூன்று மாதம் இப்போதுபோலவே மாதம் 16 ரவுண்ட் சுடட்டும். மிச்ச ஏழு மாதம் பத்து ரவுண்ட் போதும், அதிலும் நான்கு ரவுண்டை ஒற்றைத் தோட்டாவாகச் சுடச் சொல்லுங்கள். ட்ராப் தகுதிச் சுற்றில் ஒரு தட்டுக்கு இரண்டு தடவை சுடலாம், ஃபைனலில் ஒன்றுதான். பயிற்சியில் இரண்டாவது பேரல் இருக்கிறதே என்று முதல் குண்டை அவசரப்பட்டு விடுகிற பழக்கம் ஃபைனலில் காலை வாரும். இது நான் கண்டுபிடித்ததில்லை, என்னிடம் வரும் ஒரு கோச் சொன்னது. உங்கள் கோச் வேறு மாதிரி சொன்னால் அவர் சொல்வதைக் கேளுங்கள், நான் கணக்குப்பிள்ளை மட்டும்தான். ஒற்றைத் தோட்டா ரவுண்ட் 1,675 ரூபாயில் முடிகிறது, ஒவ்வொன்றிலும் 440 மிச்சம்.

இந்தத் திட்டப்படி சாதாரண மாதம் 19,390, போட்டி மாதம் 33,840, தடைக்காலம் பூஜ்யம். வருஷத்துக்கு 2,37,250. இப்போது நீங்கள் போகிற வேகத்தில் 4,06,080. மாதாமாதம் 20,000 ரூபாயைத் தனி சேமிப்புக் கணக்கில் போட்டுவிடுங்கள், தோட்டா, தட்டு இரண்டும் அதிலிருந்து மட்டும். இரண்டு வெற்று மாதங்களில் அந்தக் கணக்கு வீங்கும், போட்டிக் காலத்தில் வற்றும். மிச்சமாகும் சுமார் 14,000-ல் முதல் பத்தாயிரம் எஸ்ஐபிக்கு, அடுத்த மாதமே. மீதி நாலாயிரம் வருகிற வருஷ விலையேற்றத்துக்கு; அடுத்த பட்ஜெட்டில் பத்து சதவீதம் கூட்டிப் போட்டுக்கொள்ளுங்கள். அவசரக் கைப்பணம் பற்றி நீங்கள் எழுதவே இல்லை. ஆறு மாதத் தவணையும் வீட்டுச் செலவும் தனியாக இல்லையென்றால், அது சேரும் வரை இந்த நாலாயிரமும் அங்கேதான் போக வேண்டும்.

இன்னும் இரண்டு வாசல்கள் இருக்கின்றன. தேசியப் போட்டியில் தகுதி ஸ்கோர் எடுத்து 'ரினௌண்ட் ஷாட்' அந்தஸ்து வாங்கியவர்கள் சொந்த உபயோகத்துக்குச் சுங்க வரி விலக்கோடு இறக்குமதி செய்ய வழியிருக்கிறது. மகள் அந்த நிலையில் இருக்கிறாளா, இல்லையென்றால் எத்தனை ஸ்கோர் தூரம் என்று மாநில சங்கத்தில் கேளுங்கள். காகித வேலை உங்களுக்குக் கைவந்த கலை. இன்னொன்று தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் ஊக்கத் திட்டங்களும், 2023-ல் தொடங்கிய தமிழ்நாடு சாம்பியன்ஸ் அறக்கட்டளையும். மாநில மெடல் சான்றிதழ், பில்கள், போட்டி ஸ்கோர் ஷீட் எல்லாம் ஒரே ஃபைலில் இருந்தால் விண்ணப்பம் போடுவது ஒரு மதியம் வேலை. இந்த விளையாட்டில் நம் மாநிலத்திலிருந்து 2024 பாரிஸ் ஒலிம்பிக்ஸ் வரை போன பிரித்விராஜ் தொண்டைமான் புதுக்கோட்டை அரச குடும்பத்துக்காரர். ராயபுரத்துப் பெண் அந்த வரிசையில் நிற்பதற்கு ஃபைல்தான் அரண்மனை.

நீங்கள் சேர்த்து வைத்திருக்கும் அந்த இரண்டு சாக்கு காலிக் கூடு: அவசரப்பட்டு காயலான் கடையில் போட்டுவிடாதீர்கள். எத்தனை இருக்கிறது என்று எண்ணி எழுதி, க்ளப் செயலரிடம் கேட்டுவிட்டு ஒப்படையுங்கள், ஒப்படைத்ததற்கு ஒரு சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். லைசென்ஸ் புதுப்பிக்கும்போது வாங்கிய கணக்கு, சுட்ட கணக்கு என்று யாராவது கேட்டால் அந்தச் சீட்டு கையில் இருக்கட்டும்.