கரண்ட் அடித்தால் சிறுநீர் நிறத்தைப் பாருங்கள்

கேள்வி: என் கணவருக்கு வயது 38. குத்தகையாளர் ஒருவரிடம் லைன்மேனாக இருக்கிறார். போன மாதம் புயல் மழைக்குப் பிறகு வீடுகளுக்குப் போகும் லைனைச் சரிசெய்யும்போது வலது கையில் கரண்ட் அடித்துவிட்டது. மயக்கம் வரவில்லை, கட்டைவிரல் ஓரம் சின்னப் புண். பற்பசை தடவி, கையை உருவிவிட்டு, போன்ஸ்தான் வலி மாத்திரை போட்டுக்கொண்டார். மறுநாள் கிளினிக்கில் ஈசிஜி எடுத்து, ஒன்றுமில்லை என்றார்கள். ஆனால் மாதங்கள் கழித்தும் தூக்கத்தில் இதயம் நின்றுவிடும் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். உடம்பில் கரண்ட் தங்குமா? ரத்தம் சுண்டுமா? அவருக்கு முடி நரைப்பதும் இதனாலா? வியர்க்கிறது என்று கையுறையையும் கழற்றிவிடுகிறார்.
– வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: அந்த அதிர்ச்சியால் இனி அவர் இதயம் நிற்கப் போவதில்லை. கரண்ட் இதயத்தைக் குலைப்பதென்றால் பெரும்பாலும் தொட்ட அந்த நொடியிலேயே குலைத்துவிடும். வீட்டு லைன் மின்சாரம், மயக்கம் இல்லை, நெஞ்சுவலி இல்லை, ஈசிஜி சரி என்றால் பல மருத்துவமனைகளில் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். உங்கள் கணவருக்கு ஒரு மாதமே ஓடிவிட்டது. வீடியோ போட்டவருக்குப் பார்வையாளர்கள் வேண்டும், உங்களுக்குத் தூக்கம் வேண்டும். உடம்பில் கரண்ட் தங்காது, ரத்தம் சுண்டாது. நரை வயதுக்கு வந்தது.

எனக்குக் கவலை தருவது நீங்கள் போகிறபோக்கில் எழுதியிருக்கும் மூன்று விஷயங்கள்: உருவிவிட்டது, போன்ஸ்தான், கையுறை.

மின்காயத்தில் தோலைப் பார்த்து ஏமாறக் கூடாது. வெளியே பட்டாணி அளவு கருப்புப் புள்ளி இருக்கும். உள்ளே எலும்பை ஒட்டிய தசை வெந்து கிடக்கும். 11,000 வோல்ட் லைனில் அடிபட்டவர்களிடம் இதை அதிகம் பார்க்கலாம். செத்த தசையிலிருந்து வெளியேறும் புரதம் ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தை அடைக்கும். அப்போது சிறுநீர் தே-ஓ (பால் கலக்காத தேநீர்) நிறத்தில் போகும். அடிபட்டவர் கழிவறைக்குப் போனால் நிறத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். கருத்திருந்தால் கிளினிக் வேண்டாம், நேராக அரசாங்க மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். அந்த நேரத்தில் போன்ஸ்தான் போடுவது, ஏற்கெனவே திணறும் சிறுநீரகத்தை மேலும் அமுக்குவது. வலிக்குப் பானடோல் போதும்.

இன்னொன்று, முன்கை. அது வீங்கிக் கல்லாக இறுகி, மடங்கிய விரலை மற்றவர் மெல்ல நிமிர்த்தினாலே ‘ஐயோ’ என்று அலறினால், அல்லது விரல்கள் மரத்துப்போனால், காலை வரை காத்திருக்காதீர்கள். உள்ளே அழுத்தம் ஏறி ரத்த ஓட்டம் நின்றுகொண்டிருக்கிறது என்று அர்த்தம். சில மணி நேரத்துக்குள் அறுவை செய்து அழுத்தத்தைத் திறந்துவிட வேண்டும். தாமதித்தால் கையையே இழக்க நேரிடும். இந்தக் கையைத்தான் நம் ஆட்கள் எண்ணெய் போட்டு உருவுகிறார்கள்! இந்த முறை தப்பித்தது லைன் சின்னது என்பதால், உருவியதால் அல்ல. பற்பசையும் வேண்டாம். குழாய்த் தண்ணீரில் இருபது நிமிடம் காட்டி, சுத்தமான துணியால் மூடி, டெட்டனஸ் ஊசி போட்டுக்கொண்டாலே போதும்.

இனிக் கையுறை. வியர்வையில் ஊறிய தோல் காய்ந்த தோலைவிடப் பல மடங்கு சுலபமாக மின்சாரத்தை உள்ளே விடும். வியர்க்கிறது என்று கழற்றுபவர், கழற்றவே கூடாத நேரத்தில் கழற்றுகிறார். உள்ளே மெல்லிய பருத்தி உறை போட்டுக்கொள்ளட்டும். ரப்பர் கையுறையில் காற்றை அடைத்துச் சுருட்டிப் பார்த்தால் ஓட்டை இருப்பது தெரியும். தினமும் செய்ய வேண்டும்.

‘லைன் ஆஃப் பண்ணியாச்சு’ என்று போனில் யாரோ சொன்னதை நம்பிக் கம்பி தொடுபவர்கள்தான் அதிகம் மாட்டுகிறார்கள். புயலுக்குப் பிறகு தோட்டப்புறங்களில் வீட்டுக்கு வீடு ஜெனரேட்டர் ஓடும். மெயினும் ஜெனரேட்டரும் ஒன்றாக இணையாமல் தடுக்கும் மாற்று சுவிட்ச் இல்லாமல் அதை வீட்டு வயரிங்கில் சொருகினால், கரண்ட் பின்னோக்கி மின்மாற்றிக்குள் போய் 11,000 வோல்ட்டாக ஏறித் தூரத்தில் இருக்கும் லைனுக்கும் உயிர் கொடுத்துவிடும். அதனால் மெயினைப் பூட்டிய பிறகும் சோதனைக் கருவியை வைத்துப் பார்த்து, வேலை செய்யும் இடத்துக்கு இருபுறமும் லைனைத் தரையோடு இணைத்து எர்த் கட்டிவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். அவசரப்படுத்தும் மேற்பார்வையாளரிடம் இதை அவர் தயங்காமல் சொல்லலாம்.

விபத்தை முதலாளியிடம் சொன்னாரா? தெரிந்த 48 மணி நேரத்துக்குள் முதலாளி சொக்சோவுக்கு (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு அமைப்பு) தெரிவிக்க வேண்டும். வேலை போய்விடும் என்று உங்கள் கணவர் மறைத்திருந்தால், கிளினிக் சீட்டோடு நீங்களே சொக்சோ அலுவலகத்தில் கேளுங்கள். கை விரலில் இன்னும் மரமரப்பு இருந்தால் நரம்புப் பரிசோதனைக்கு எழுதித்தரச் சொல்லுங்கள். இல்லையென்றால் மருந்து எதுவும் வேண்டாம்.