நேப்பிள்ஸ் பீட்சா ஏன் மொறுமொறுப்பாக இருப்பதில்லை?

நேப்பிள்ஸ் பீட்சா என்பது மாவு, தண்ணீர், உப்பு, ஈஸ்ட் ஆகிய நான்கை மட்டுமே பிசைந்து, பல மணி நேரம் புளிக்கவைத்து, விறகடுப்பில் சுடும் இத்தாலிய நகரத்துப் பண்டம். மாவில் எண்ணெய்கூடச் சேர்ப்பதில்லை.

அதன் மென்மைக்குக் காரணம் நெருப்பின் வேகம். அடுப்பின் தளமே ஏறத்தாழ 400 டிகிரி செல்சியஸ் சூட்டில் இருக்கும். 60 முதல் 90 நொடிகளில் பீட்சா வெந்துவிடும். ஈரம் வற்ற நேரமே கிடைக்காது. தணலில் நேரடியாகக் காட்டிய சப்பாத்தி நொடியில் உப்பி மெத்தென்று இருக்கும். அதையே சிறு தீயில் வெகுநேரம் போட்டால் விறைத்துவிடும். அதே கதைதான் இங்கும்.

விளிம்பு உப்புவது கைவேலை. விரல் நுனிகளால் நடுவிலிருந்து வெளிப்புறமாக அழுத்தும்போது, புளித்த மாவின் காற்று ஓரத்துக்கு ஒதுங்குகிறது. பூரிக்கட்டையால் உருட்டினால் அந்தக் காற்று போய்விடும். நேப்பிள்ஸ்காரர்கள் அதைத் தொடவே மாட்டார்கள். இந்தக் கைத்திறனைத்தான் யுனெஸ்கோ 2017இல் மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. எனக்கென்னவோ மேலே போடும் தக்காளியையும் சீஸையும்விட இந்த விளிம்பில்தான் ருசி.

விளிம்பின் கரும்புள்ளிகளைத் தீய்ந்தவை என்றும், ஈரமான நடுப்பகுதியை வேகாதது என்றும் பலர் திருப்பி அனுப்புகிறார்கள்; இரண்டுமே சரியாகச் சுட்டதன் அடையாளங்கள்.