ஸ்பானிஷ் வானொலியில் மிக நீண்ட காலம் பேசியவர்களில் யாரைப் பற்றித் தெரிந்துகொள்ளலாம்?

தயங்காமல் சொல்வேன்: ஹைமே ஹாரின். லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் பேஸ்பால் அணியின் ஆட்டங்களை ஸ்பானிஷ் மொழியில் வர்ணித்த குரல். 1959 முதல் 2022 வரை 64 சீசன்!

ஈக்வடாரில் பிறந்தவர். 1955-இல் அமெரிக்கா வரும்வரை பேஸ்பாலைப் பார்த்ததே இல்லை. வானொலியில் செய்தி வாசித்துக்கொண்டே விளையாட்டைக் கற்றுக்கொண்டார்.

தொடக்கத்தில் வெளியூர் ஆட்டங்களுக்கு இவர் போகவில்லை. ஸ்டுடியோவில் உட்கார்ந்து அதே அணியின் ஆங்கில வர்ணனையாளர் வின் ஸ்கல்லியின் வர்ணனையைக் காதில் வாங்கியபடியே ஸ்பானிஷில் சொல்வார். கண்ணால் பார்க்காத பந்தை நேயர் கண்முன் கொண்டுவர வேண்டும். யோசித்துப் பாருங்கள், எவ்வளவு கடினம்! எனக்கு இவர்மேல் மதிப்பு கூடியதே இதனால்தான்.

அப்புறம் 1981. மெக்சிகோவிலிருந்து வந்த டாட்ஜர்ஸ் அணியின் இளம் பந்துவீச்சாளர் பெர்னாண்டோ வலென்சுவேலா கலக்கினார். அவருக்கு ஆங்கிலம் வராது. நிருபர்களின் கேள்விகளை ஹாரின்தான் பக்கத்தில் உட்கார்ந்து மொழிபெயர்த்தார். அந்த ஆண்டு ஸ்பானிஷ் பேசும் குடும்பங்கள் மைதானத்துக்குத் திரண்டு வந்தன.

1998-இல் பேஸ்பால் வர்ணனையாளர்களுக்கான ஃபோர்டு ஃபிரிக் விருது கிடைத்தது. பந்து எல்லையைத் தாண்டினால் 'போகிறது, போகிறது, போகிறது... முத்தமிட்டு வழியனுப்புங்கள்' என்பார். நேயர்களுக்கு அது மனப்பாடம்.