கேள்வி பதில்: நெப்போலியன் குதிரையில் போனாரா, கழுதையிலா?

கேள்வி: என் மகன் படிவம் நான்கில் ஓவியப் பாடம் எடுத்திருக்கிறான். முன்னங்கால்களைத் தூக்கி நிற்கும் குதிரையில் நெப்போலியன் ஆல்ப்ஸ் மலையேறும் படத்தைப் பார்த்துப் பள்ளி வேலைக்காக வரைகிறான். "அந்த ஆள் கழுதையில்தான் போனான், பொய்ப் படத்தை ஏன்டா வரையிற?" என்கிறார் அவன் தாத்தா. யார் சொல்வது சரி?
- வாசகி, ஆயர் ஈத்தாம், பினாங்கு

பதில்: தாத்தா சொல்வது கிட்டத்தட்ட சரிதான் அம்மா. 1800 மே மாதம் கிரேட் செயின்ட் பெர்னார்ட் கணவாயை நெப்போலியன் கடந்தது கோவேறு கழுதையில், உள்ளூர் வழிகாட்டி ஒருவரின் துணையோடு. ஆனால் அதற்காகப் பையனை நிறுத்திவிடாதீர்கள்.

ஸ்பெயின் மன்னர் நான்காம் சார்லஸ் கேட்டு ஜாக் லூயி தாவீத் வரைந்த படம் அது, 1801க்கும் 1805க்கும் இடையில் மொத்தம் ஐந்து முறை வரைந்தார், குதிரையின் நிறமும் மேலங்கியின் நிறமும் படத்துக்குப் படம் மாறும். நெப்போலியன் ஓவியர் முன் உட்காரவே மறுத்துவிட்டார், முகம் அச்சாக இருக்க வேண்டியதில்லை, ஆளின் மேதைமை தெரிந்தால் போதும் என்பது அவர் கட்சி. நம் முனீஸ்வரர் கோயில் வாசலில் நிற்கும் வெள்ளைக் குதிரை போலத்தான் இதுவும், அங்கே யாரும் விலங்கியல் பார்ப்பதில்லை, சாமியின் வேகத்தைத்தான் பார்க்கிறோம். கீழே இடது ஓரத்துப் பாறையைப் பாருங்கள்: போனபார்ட் என்ற நெப்போலியனின் குடும்பப் பெயர், அதோடு இதே மலைகளை முன்பு தாண்டிய பழங்காலப் படைத்தலைவர் ஹன்னிபால், இடைக்காலப் பேரரசர் சார்லமேன் பெயர்களும் செதுக்கியிருக்கும். குதிரை வயிற்றுக்கு அடியில், பொடிப்பொடியாக, பீரங்கியை இழுத்துக்கொண்டு ஏறும் சிப்பாய்கள். உண்மையில் அந்த மலையைத் தாண்ட உடம்பு நொந்தவர்கள் அவர்கள்தான், அவர்களை இவ்வளவு சின்னதாக வரைந்ததுதான் எனக்கு இந்தப் படத்தில் உறுத்துகிற விஷயம்.

தாத்தாவின் கட்சியில் ஓவியர்களும் இருந்தார்கள். பால் தெலரோஷ் 1848இல் அதே பயணத்தைக் கோவேறு கழுதையோடும் வழிகாட்டியோடும், குளிரில் சோர்ந்த முகத்தோடும் வரைந்தார்.

எனக்குப் பிடித்தது பிரெஞ்சு ஓவியர் மெசோனியே 1864இல் முடித்த '1814, பிரான்ஸ் போர்'. சுமார் 51 சென்டிமீட்டர் உயரம், 76 சென்டிமீட்டர் அகலம், அவ்வளவுதான். தோல்வி நெருங்கும் நேரம், நெப்போலியன் வெள்ளைக் குதிரையில் மெதுவாக வருகிறார், பின்னால் தளபதிகள் களைத்துப்போய் வருகிறார்கள். படத்தில் நெப்போலியன் போட்டிருக்கும் சாம்பல் நிறக் கோட்டுக்காக அசலைப் பார்த்து அச்சு அசலாக ஒன்று தைக்கவைத்தார் மெசோனியே. அப்புறம் அந்தத் தரை! மிதிபட்டு, சேறோடு கலந்து, பழுப்பாகிப்போன பனி. வீரனை வானத்தில் தூக்கி வைக்காமல் சேற்றில் நடக்கவிட்டும் அவனைப் பெரியவனாகக் காட்டலாம் என்று ஓர் ஓவியர் காட்டியிருக்கிறார், இதைவிடப் பையனுக்கு என்ன பாடம் வேண்டும்?

அதனால் தாவீத் படத்தையே வரையட்டும், கூடவே தெலரோஷின் கோவேறு கழுதையையும் சின்னதாக ஒரு தாளில் வரைந்து பக்கத்தில் ஒட்டச் சொல்லுங்கள். எது எதற்காக மாறியது என்று நாலு வரி எழுதினால் ஆசிரியருக்கும் பிடிக்கும், தாத்தாவும் சும்மா இருப்பார்.