இடுப்பு மூட்டு உரசல்: நுண்துளை அறுவை சிகிச்சை உடனே தேவையா?

கேள்வி: எனக்கு வயது 36. பெங்களூரு அல்சூரில் வசிக்கிறேன்; வெளிவட்டச் சாலையில் உள்ள மென்பொருள் நிறுவனத்தில் வேலை. ஓராண்டாகக் காரில் நெடுநேரம் உட்கார்ந்து எழுந்தாலும், பாட்மிண்டன் ஆடினாலும் வலது தொடையிடுக்கில் வலிக்கிறது. எக்ஸ்ரே பார்த்த மருத்துவர், இடுப்பு மூட்டில் எலும்பு உரசுவதாகவும் நுண்துளை அறுவை சிகிச்சை செய்துவிடலாம் என்றும் சொல்கிறார். லிப்ட் இல்லாத கட்டடத்தில் இரண்டாம் மாடியில் குடியிருக்கிறேன். உடனே செய்துகொள்ள வேண்டுமா? எத்தனை நாள் விடுப்பு தேவைப்படும்?

பதில்: பெரும்பாலும் அவசரம் இல்லை. தொடை எலும்பின் தலையும் கழுத்தும் சேரும் இடத்தில் புடைப்பு இருந்தாலோ, அந்தத் தலை பொருந்தியிருக்கும் கிண்ண எலும்பின் விளிம்பு நீண்டிருந்தாலோ, காலை மடக்கி உட்புறமாகத் திருப்பும்போது இரண்டும் மோதிக்கொள்கின்றன. நாளடைவில் கிண்ணத்தைச் சுற்றியுள்ள லேப்ரம் என்னும் விளிம்புத் திசு கிழிந்து, குருத்தெலும்பும் சேதமடையலாம். ஆனால் வலியே இல்லாத பலருடைய எக்ஸ்ரேயிலும் இதே புடைப்பு தெரியும் என்பதால்தான், வலி, மருத்துவர் காலை அசைத்துப் பார்க்கும் சோதனை, படம் ஆகிய மூன்றும் ஒத்துப்போனால் மட்டுமே இதை நோயாகக் கொள்ள வேண்டும் என 2016-இல் வல்லுநர்கள் வரையறுத்தனர்.

எம்.ஆர்.ஐ. எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்டீராய்டு மருந்து உட்கொண்டவர்களுக்கும் மது அதிகம் அருந்துபவர்களுக்கும் ரத்த ஓட்டம் தடைப்பட்டுத் தொடை எலும்பின் தலை சிதைவதும் தொடையிடுக்கு வலியாகவே தொடங்கக்கூடும். அதற்கான சிகிச்சை முற்றிலும் வேறு.

உரசல்தான் என்று உறுதியானால், சுமார் மூன்று மாதம் முறையான பிசியோதெரபி செய்து பார்ப்பதே என் பரிந்துரை. மின்கருவி வைத்துவிட்டு அனுப்பும் சிகிச்சையை நான் சொல்லவில்லை. பிட்டத் தசைகளையும் வயிற்றுத் தசைகளையும் வலுவாக்கும் பயிற்சிகள் வேண்டும். 348 நோயாளிகளைக் கொண்டு பிரிட்டனில் நடந்து 2018-இல் வெளியான ஆய்வில், ஓராண்டு முடிவில் அறுவை சிகிச்சை பெற்றவர்கள் கூடுதல் பயன் கண்டிருந்தாலும், பயிற்சி மட்டும் செய்தவர்களும் தேறியிருந்தார்கள். பயிற்சிக்குப் பின்னும் வலி நீடித்தால் அறுவை சிகிச்சை நியாயமானதே. மூட்டு இடைவெளி 2 மில்லிமீட்டருக்கும் குறைந்திருந்தால் பலன் குறைவு என்பதால், அந்த அளவை மருத்துவரிடம் கேட்டறியுங்கள்.

துளை சிறிது என்பதால் உள்ளே நடக்கும் வேலையும் சிறிது என்று எண்ணிவிடக் கூடாது. மயக்க மருந்து கொடுத்து, காலை இழுத்து மூட்டைச் சற்றே விரித்து, ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் அளவுள்ள இரண்டு மூன்று துளைகள் வழியாகக் கேமராவையும் கருவிகளையும் செலுத்திப் புடைப்பைச் செதுக்குவார்கள். கிழிந்த லேப்ரத்தைத் தைப்பார்கள். இழுவையால் பிறப்புறுப்புப் பகுதியிலோ பாதத்திலோ மரத்துப்போகும் உணர்வு சிலருக்கு ஏற்படும். பெரும்பாலும் தானே சரியாகிவிடும். இது கைப்பழக்கம் கோரும் அறுவை சிகிச்சை. ஆகவே, இதைத் தொடர்ந்து செய்துவருபவரா என்று தயங்காமல் கேளுங்கள்.

அன்றோ மறுநாளோ வீடு திரும்பலாம். செய்த வேலையைப் பொறுத்து இரண்டு முதல் ஆறு வாரம் ஊன்றுகோல் தேவைப்படும். வீட்டிலிருந்தே கணினி வேலை பார்க்க இரண்டு மூன்று வாரம் போதும். வலது கால் என்பதால், பிரேக்கைத் தயக்கமின்றி அழுத்த முடியும்வரை, அதாவது ஏறத்தாழ ஆறு வாரம், கார் ஓட்டாதீர்கள். பாட்மிண்டனுக்கு நான்கு முதல் ஆறு மாதம் ஆகும். சம்மணமிடுவதையும் இந்தியக் கழிப்பறையையும் முதல் மூன்று மாதம் தவிர்த்துவிடுங்கள். மாடிப்படி ஏறலாம்: ஏறும்போது இடது காலை முதலில் வைக்க வேண்டும், இறங்கும்போது ஊன்றுகோலுடன் வலது காலை முதலில் இறக்க வேண்டும்; இதை மருத்துவமனையிலேயே பழகிக்கொள்ளுங்கள். காய்ச்சல் வந்தாலோ கெண்டைக்கால் வீங்கி வலித்தாலோ அன்றே மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.