ஓய்வுக்குப் பின் அயல்நாட்டு ஊழியம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: பணி ஓய்வு பெற்ற என் பெற்றோர், மார்மன் சபை என்று பரவலாக அறியப்படும் பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபையின் சார்பில் 18 மாத சமய ஊழியத்துக்காக வெளிநாடு செல்லவிருக்கிறார்கள். 66 வயதில் அப்பா வீடு வீடாக ஏறி இறங்க வேண்டியிருக்குமோ என்று கவலையாக இருக்கிறது. அவர்களுடைய ஒரு நாள் எப்படிக் கழியும்?

பதில்: அந்தக் கவலையை விட்டுவிடலாம். கறுப்புப் பெயர்ப்பட்டை அணிந்து தெருத்தெருவாக நடப்பவர்கள் அச்சபையின் இளைய ஊழியக்காரர்கள். காலை 6.30 மணிக்கு எழுவது, இரவு 10.30 மணிக்குள் படுப்பது என்னும் அவர்களுடைய கால அட்டவணை மூத்த தம்பதியரைக் கட்டுப்படுத்துவதில்லை. பெயர்ப்பட்டை இவர்களுக்கும் உண்டு. ஆனால் முன்பின் அறியாதவர்களின் கதவைத் தட்ட வேண்டும் என்றோ பாடங்களை மனப்பாடம் செய்ய வேண்டும் என்றோ இவர்களிடம் எதிர்பார்ப்பதில்லை.

நாள் எப்படிக் கழியும் என்பது எந்தப் பொறுப்பு கிடைக்கிறது என்பதைப் பொறுத்தது. ஒரு பகுதியின் ஊழியக்காரர்களை மேற்பார்வையிடும் ஊழியத் தலைவரின் அலுவலகத்தில் அமர்த்தப்பட்டால், இளைஞர்களின் விசாத் தாள்கள், வாடகை ஒப்பந்தங்கள், கார் பழுதுபார்ப்பு, வீட்டிலிருந்து வரும் பார்சல்கள் என்று காலை முதல் மாலை வரை எழுத்துவேலைதான். மனிதாபிமானப் பணியில் இருப்பவர்கள் சக்கர நாற்காலி, குடிநீர் போன்ற திட்டங்களுக்கு விண்ணப்பம் தயாரிப்பார்கள். உதவி உரியவர்களைச் சேர்ந்ததா என்று நேரில் சென்று பார்ப்பார்கள். ஆவணக் காப்பகங்களில் பழைய பிறப்பு, இறப்புப் பதிவேடுகளைப் பக்கம் பக்கமாகப் படமெடுக்கும் வேலையும் உண்டு. இடத்தைப் பற்றிய விருப்பத்தைத் தெரிவிக்கலாமே தவிர, எங்கே என்று முடிவு செய்வது சபைத் தலைமைதான்.

பல தம்பதியருக்கு வந்து சேரும் ஒரு வேலை, இளைய ஊழியக்காரர்கள் தங்கியிருக்கும் வீடுகளைச் சோதிப்பது. புகை எச்சரிக்கைக் கருவியின் பொத்தானை அழுத்திப் பார்க்க வேண்டும். குளியலறை மூலையில் படர்ந்த பூஞ்சணத்தைச் சுட்டிக்காட்ட வேண்டும். அடுப்புக்குப் பின்னால் ஏறிய எண்ணெய்ப் பிசுக்கை யார் சுரண்டப் போகிறார்கள் என்று கேட்க வேண்டும். இருபது வயதுப் பையன்கள் இருவர் தலையைச் சொறிந்துகொண்டு நிற்பார்கள். அப்போதுதான் அவர்களில் ஒருவன் ஒரு வாரமாகப் பல்வலியைச் சொல்லாமல் மறைத்து வந்திருப்பதும், மற்றவன் சரியாகச் சாப்பிடுவதில்லை என்பதும் உங்கள் அம்மாவின் கண்ணில் படும். பிரசங்க மேடையை மனத்தில் வைத்துக்கொண்டு புறப்படுபவர்கள் தொடக்கத்தில் சற்று ஏமாறக்கூடும். மூத்தவர்களை அனுப்புவதன் பெரும் பயன் இந்தச் சோதனை போன்ற வேலைகளில்தான் இருக்கிறது என்பது என் கருத்து.

ஞாயிற்றுக்கிழமைகள் வேறுவிதம். 2019 முதல் ஞாயிறு ஆராதனையும் வகுப்பும் சேர்ந்து இரண்டு மணி நேரம்தான் என்றாலும், உறுப்பினர்கள் சிலரே உள்ள சிறு கிளையில் கீபோர்டு வாசிப்பது, வகுப்பு எடுப்பது, புதிதாகப் பொறுப்பேற்ற உள்ளூர்த் தலைவருக்குப் பதிவேடு எழுதக் கற்றுக்கொடுப்பது எல்லாம் இவர்கள் தலையில் விழும். இந்தக் கடைசி வேலையில் மட்டும் அப்பா கவனமாக இருக்கட்டும்: கற்றுக்கொடுப்பதற்குப் பதிலாகத் தாமே எழுதி முடித்துவிடுவது அனுபவசாலிகளுக்கு எளிது, ஆனால் இவர்கள் ஊர் திரும்பிய மறுவாரம் அந்தக் கிளை திணறும். துணி துவைக்கவும் கடைக்குப் போகவும் வாரத்தில் ஒரு நாள் ஒதுக்கப்படுவது வழக்கம்.

கேள்வி: இதற்குச் சம்பளம் உண்டா? செலவை யார் ஏற்பார்கள்?

பதில்: சம்பளம் கிடையாது. ஊழியக் காலம் 6 மாதம் முதல் 23 மாதம் வரை அமையலாம்; எத்தனை மாதமானாலும் வாழ்க்கைச் செலவு தம்பதியருடையது. தங்குமிடச் செலவுக்கு மட்டும் 2011-இல் மாதம் 1,400 அமெரிக்க டாலர் என்று உச்சவரம்பு வைத்து, அதற்கு மேற்பட்டதைத் தானே ஏற்பதாகச் சபை அறிவித்தது. வெளிநாட்டில் 18 மாதத்துக்குக் குறைவாக ஊழியம் செய்ய விரும்புவோர் பயணச் செலவைத் தாங்களே ஏற்க வேண்டும் என்பதும் அதே ஆண்டின் ஏற்பாடு. புறப்படுமுன் இப்போதைய வரம்பைக் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

பலரும் கணக்கில் கோட்டைவிடுவது மருத்துவக் காப்பீட்டில். அமெரிக்க அரசு முதியோருக்கு நடத்தும் மெடிக்கேர் காப்பீட்டுத் திட்டம் நாட்டுக்கு வெளியே ஆகும் மருத்துவச் செலவைப் பெரும்பாலும் ஏற்பதில்லை; ஆகவே அங்கிருந்து செல்பவர்கள் தனிக் காப்பீடு எடுக்கிறார்கள். பூட்டிவிட்டுப் போகும் சொந்த வீட்டுக்கு ஆகும் வரியும் பராமரிப்பும் நிற்கப்போவதில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: முப்பது ஆண்டுகளாக என் கணவர் காலையில் போனால் இரவில்தான் வீடு திரும்பினார். இப்போது ஊழியத்துக்கு விண்ணப்பிக்கலாம் என்கிறார். பகலும் இரவும் அவருடன் ஒரே அறையில், ஒரே வேலையில் இருக்க என்னால் முடியுமா என்று தெரியவில்லை. இப்படி நினைப்பது தவறா?

பதில்: தவறே இல்லை. மொழி, தட்பவெப்பம், தூரம் பற்றியெல்லாம் விசாரிப்பவர்கள் கேட்கத் தயங்குகிற கேள்வியை நீங்கள் கேட்டிருக்கிறீர்கள். இருவர் இருவராகப் பணிசெய்யும் இளையவர்களுக்குச் சில மாதங்களுக்கு ஒருமுறை இணை ஊழியர் மாறுவார். உங்களுக்கு மாறப் போவதில்லை. சிறிய வாடகை வீடு, ஒரே கார், ஒரே மடிக்கணினி, கோபித்துக்கொண்டு போய் உட்கார வேறோர் அறைகூட இல்லாத நிலை. பணியில் நாற்பது பேரை ஏவிப் பழகியவருக்கு இப்போது ஏவ ஒருவர்தான் மிச்சம் இருப்பார்; அந்த ஒருவர் நீங்கள் ஆகிவிடக் கூடாது.

வேலைகளைப் பிரித்துக்கொள்ளுங்கள், பிரித்தபின் ஒருவர் வேலையில் மற்றவர் திருத்தம் சொல்லாதீர்கள். கணக்கும் காரும் அவருடையவை என்றால், யாரைப் பார்க்கப் போவது, எப்போது போவது என்பது உங்களுடையதாக இருக்கட்டும். இளைய ஊழியக்காரர்களிடம் ஒரு நல்ல வழக்கம் உண்டு. வாரத் திட்டமிடலின் முடிவில் இணை ஊழியர்கள் இருவரும் உட்கார்ந்து, தங்களுக்கிடையே எது சரியாக இருக்கிறது, எது உறுத்துகிறது என்று வெளிப்படையாகப் பேசிக்கொள்வார்கள். முப்பது ஆண்டு மணவாழ்க்கையில் அப்படி நாள் குறித்துப் பேசாதவர்களுக்கு முதல் இரண்டு வாரம் கூச்சமாக இருக்கும். இருந்தாலும் அதை விடாமல் செய்யும்படி சொல்வேன். விண்ணப்பத்தில் கையெழுத்திடுமுன் வீட்டிலேயே ஒரு மாதம் அப்படி இருந்து பார்க்கலாம். அவர் ஒப்புக்கொள்ள மறுத்தால் அதுவே உங்களுக்கு ஒரு தகவல்.

கேள்வி: இடையில் வீட்டில் ஒரு திருமணமோ துக்கமோ நேர்ந்தால் வர முடியுமா?

பதில்: முடியும். முக்கியமான குடும்ப நிகழ்வுகளுக்குச் சொந்தச் செலவில் குறுகிய காலம் வந்துபோக மூத்த தம்பதியருக்கு அனுமதி உண்டு. தொலைபேசியிலும் தடையில்லை. இளையவர்களே 2019 பிப்ரவரி முதல் வாரந்தோறும் வீட்டாருடன் பேசலாம். அதற்குமுன் ஆண்டுக்கு இருமுறைதான் அழைப்பு. பேரக்குழந்தைகளுடன் பேச நேர வித்தியாசம்தான் இடைஞ்சலாக இருக்கும்.

கேள்வி: அந்நாட்டு மொழி சுத்தமாகத் தெரியாது. இந்த வயதில் படிக்க வேண்டுமா?

பதில்: சரளமாகப் பேச வேண்டும் என்று யாரும் வற்புறுத்துவதில்லை; விரும்பினால் புறப்படுமுன்பே இணையவழியில் பயிற்சி பெறலாம். இலக்கணப் புத்தகத்தோடு மல்லுக்கட்டாமல், எண்கள், வழிகேட்கும் சொற்கள், உடல் உறுப்புகளின் பெயர்கள் ஆகியவற்றிலிருந்து தொடங்குங்கள். மருந்துக் கடையில் முதலில் உதவுபவை அவைதான். நீங்கள் வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரைகளின் வணிகப் பெயர் நாட்டுக்கு நாடு மாறும் என்பதால், அவற்றின் மூலப்பெயரையும் அளவையும் மருத்துவரிடம் எழுதி வாங்கி, ஒரு பிரதியைக் கைப்பையிலும் மற்றொன்றைப் பிள்ளைகளிடமும் வைத்துவிட்டுப் புறப்படுங்கள்.