ஹைதராபாத்தில் அம்மாவுக்குத் தயிர்சாதம்

அன்புள்ள மேடம்,

அடுத்த மாதம் குடும்பத்தோடு ஹைதராபாத் போகிறோம். நான், மனைவி, இரண்டு பையன்கள் (11, 7), என் அம்மா. வியாழன் இரவு சென்னையிலிருந்து சார்மினார் எக்ஸ்பிரஸ், ஞாயிறு காலை விமானத்தில் திரும்புகிறோம். கையில் இருப்பது வெள்ளி, சனி இரண்டே நாள். எக்ஸெல்லில் 23 இடங்களை வரிசையாகப் போட்டு, எந்த இடத்துக்கு எத்தனை நிமிடம் என்றும் எழுதிவிட்டேன். நீங்கள் அங்கே வேலை பார்த்தவர் என்று ஒரு கட்டுரையில் படித்ததால் கேட்கிறேன். ராமோஜி ஃபிலிம் சிட்டி சனிக்கிழமையை முழுக்க எடுத்துக்கொள்ளுமாம். அதை விடுவதா, கோல்கொண்டாவை விடுவதா? அசல் ஹைதராபாத் பிரியாணி எந்தக் கடையில் கிடைக்கும்? பழைய நகரம் ஒரே அழுக்கு, நெரிசல், குடும்பத்தோடு போனால் ஜாக்கிரதை என்கிறார்கள் ஆபீஸில். அப்படியா? சுல்தான் குலி குதுப் ஷா காதலித்ததாகச் சொல்லும் பாக்மதி கதை நிஜமா? அம்மா சுத்த சைவம். அவருக்கு எங்கேயாவது தயிர்சாதம் வாங்கிக் கொடுத்துச் சமாளித்துவிடலாம். எங்களுக்கு இரண்டு நாளாவது புளிக்குழம்பிலிருந்து விடுதலை!

கே., குரோம்பேட்டை

அன்புள்ள கே.,

உங்கள் கடிதம் வந்தபோது என் இரண்டு கையிலும் புளி. ஊரிலிருந்து வருடா வருடம் ஒரு மூட்டை வரும். கொட்டை எடுத்து, நார் உரித்து, கல் உப்பு தூவிப் பானையில் அடைத்து முடிக்க எனக்கு நான்கு நாள் ஆகும். மகள் கடிதத்தைப் படித்துக் காட்டினாள். உங்கள் கடைசி வரி வந்ததும் அவளே நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். அந்த வரிக்கு வருகிறேன்.

முதலில் சில்லறைக் கேள்விகள். ஃபிலிம் சிட்டி ஊருக்கு வெளியே இருக்கிறது, ஒரு நாளை விழுங்கும், பையன்களுக்குப் பிடிக்கும். போய் வாருங்கள், எனக்கு அதில் அபிப்பிராயம் எதுவும் இல்லை. பாக்மதி இருந்தாளா இல்லையா என்று சரித்திரக்காரர்கள் இன்னமும் அடித்துக்கொள்கிறார்கள். சின்னவனிடம் இருந்தாள் என்றே சொல்லுங்கள். பிரியாணிக் கடை பெயர் சொல்ல மாட்டேன். ஹைதராபாத்தில் அந்தக் கேள்வியைக் கேட்டால் அண்ணன் தம்பிக்குள் பேச்சுவார்த்தை நின்றுபோகும். பச்சைக் கறியை மசாலாவில் ஊறப்போட்டு, மேலே அரைவேக்காட்டு அரிசியைக் கொட்டி, மூடியின் வாயை மாவால் அடைத்துத் தம் போடுகிற பழைய கடை எதுவானாலும் உங்களுக்குப் போதும்.

பழைய நகரம் அழுக்கு, ஜாக்கிரதை என்று எழுதும்போது உங்களுக்குக் கொஞ்சம்கூடக் கூச்சமாக இல்லையா? தீபாவளிக்கு ஒரு வாரம் இருக்கும்போது குடும்பத்தோடு ரங்கநாதன் தெருவுக்குள் நுழைகிறவர்தானே நீங்கள்? நான் நான்கு வயதுப் பெண்ணைக் கையில் பிடித்துக்கொண்டு மூன்று வருடம் அந்தப் பழைய நகரத்தில் குடியிருந்தவள். ஆபீஸ்காரர்கள் சொன்னார்களாம். அவர்களில் எத்தனை பேர் அங்கே போயிருக்கிறார்கள் என்று கேட்டீர்களா?

சார்மினாருக்கு நீங்கள் ஒதுக்கியிருக்கும் 20 நிமிடத்தை அடித்துவிட்டு, ஒரு நாள் காலை ஆறரை மணிக்கு அங்கே போய் நில்லுங்கள். 1591-இல் கட்டியது, மேலே ஏறித்தான் பார்க்கவேண்டும் என்பதில்லை. பக்கத்து வளையல் கடைத் தெருவான லாட் பஜாரில் அந்நேரத்துக்கு ஒரு ஷட்டர்கூடத் திறந்திருக்காது. புறாவும் டீக்கடையும்தான். இரானி டீ ஒன்றும், உப்பும் இனிப்புமாக வாயில் கரையும் உஸ்மானியா பிஸ்கட் நான்கும் வாங்கிக்கொண்டு சும்மா நில்லுங்கள். கோல்கொண்டாவுக்குச் சாயங்காலம் போங்கள். கீழ் வாசலில் பெரியவனை நிறுத்திக் கைதட்டச் சொல்லிவிட்டு, சின்னவனோடு மேலே ஏறிக் கேளுங்கள். 300-க்கு மேல் படி, அம்மாவை ஏற்றாதீர்கள்.

இப்போது அம்மாவுக்கு வருகிறேன். 'தயிர்சாதம் வாங்கிக் கொடுத்துச் சமாளித்துவிடலாம்.' அம்மா என்ன லக்கேஜா, கே.? உங்கள் ஐந்து பேரில் அந்த ஊர்ச் சாப்பாட்டை வாயில் வைத்ததும் புரிந்துகொள்ளக்கூடியவர் அவர் ஒருவர்தான். ஐம்பது வருடம் புளி கரைத்த கை அது.

1993-இல் வங்கியில் பதவி உயர்வு கொடுத்து என்னை ஹைதராபாத்துக்குத் தூக்கிப் போட்டார்கள். கணவருக்குச் சென்னையில் வேலை. குழந்தையோடு தனியாக வந்தவளுக்குப் பழைய நகரத்து ஷாலிபண்டாவில் ஒரு பழைய வீட்டு மாடி கிடைத்தது. கீழே வீட்டுக்கார அம்மாள். எழுபது வயதிருக்கும், தெருவே அவரை நானிமா என்று கூப்பிடும். எனக்கு உருது வராது, அவருக்குத் தமிழ் வராது. இரண்டு பேருக்கும் அரைகுறைத் தெலுங்கு. முதல் ஞாயிற்றுக்கிழமை காலை கீழேயிருந்து ஒரு தட்டு வந்தது. மஞ்சளாகக் கிச்சடி. நம் ரவை கிச்சடி இல்லை, மசூர் பருப்பும் அரிசியும் சேர்த்துக் குழையாமல் உதிரியாக வேகவைத்தது. பக்கத்தில் கீமா, பொரித்த அப்பளம், ஒரு கிண்ணத்தில் பழுப்பாக ஏதோ தண்ணீர். 'கட்டா' என்றார். ஒரு வாய் குடித்தேன்.

அது பச்சைப்புளி ரசம், கே. என் பாட்டி அடுப்பே மூட்டாமல், வெங்காயத்தையும் மிளகாயையும் கறிவேப்பிலையையும் உப்போடு கையால் நசுக்கிப் புளித்தண்ணீரில் போடுவாளே, அதேதான். கூட எள். தட்டை அப்படியே எடுத்துக்கொண்டு கீழே போய், எப்படிச் செய்தீர்கள் என்று கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே சமையலறைக்குள் இழுத்துப் போனார். வெள்ளை எள்ளை வெறும் சட்டியில் வெடிக்கும்வரை வறுத்துக் கொரகொரவென்று இடித்தார். புளியைத் தட்டையான அலுமினியக் கிண்ணத்தில் ஊறப்போட்டிருந்தார். விரலில் கறுத்துப்போன வெள்ளி மோதிரம், அதைக் கழற்றாமலேயே கரைத்தார். கரைத்து முடித்துக் கையைக் கழுவியபோது மோதிரம் புதுசு மாதிரி மின்னியது. அப்புறம் எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை அந்த மோதிரத்தைப் பார்த்தே இன்றைக்குக் கட்டா உண்டு என்று என் பெண் கண்டுபிடித்துவிடுவாள்.

தெலங்கானா கிராமங்களில் இதற்கே பச்சி புலுசு என்று பெயர். அதில் எள் சேர்ந்து ஷாலிபண்டா வீட்டுத் தட்டுக்கு வந்ததும் கட்டா. நவாப் சமையல், முகலாய சமையல் என்று நீங்கள் தேடிப் போகிறீர்களே, வடக்கிலிருந்து சமையல்காரர்கள் கொண்டுவந்தது தயிர்ப் புளிப்பு, எலுமிச்சை, மாங்காய்ப் பொடி. தக்காணத்து மண்ணுக்கு வந்தபிறகு அதே அடுப்பில் புளி ஏறி உட்கார்ந்துவிட்டது. பகாரா பைங்கனை எடுத்துக்கொள்ளுங்கள். எள், நிலக்கடலை, கொப்பரை மூன்றையும் வறுத்து அரைத்து, கட்டியாகப் புளி விட்டு, காம்போடு கீறிய பிஞ்சுக் கத்திரிக்காயை அதில் வேகவைப்பார்கள். கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டால் எண்ணெய்க் கத்திரிக்காய்க் குழம்புக்கு ஒன்றுவிட்ட தங்கை. பிரியாணியோடு வரும் மிர்ச்சி கா சாலன் இன்னொரு தங்கை. ஆம்பூரிலும் சென்னையிலும் பிரியாணிக்குத் தொட்டுக்கொள்ளக் கொடுக்கிறார்களே புளிப்பாக ஒரு கத்திரிக்காய், கல்யாண வீட்டில் ஊற்றுகிறார்களே தால்சா, இவையெல்லாம் ஒரே வீட்டு முகஜாடை. ஹைதராபாத் தால்சாவிலும் கடலைப் பருப்பு, சுரைக்காய், கறி எல்லாவற்றுக்கும் மேல் புளி. புளிக்குழம்பிலிருந்து விடுதலை வேண்டுமென்று நீங்கள் டிக்கெட் எடுத்திருப்பது புளியின் தலைநகருக்கு.

(புளி நம் சொத்து என்று யாரும் மார்தட்ட வேண்டாம். மரம் ஆப்பிரிக்காவிலிருந்து எந்தக் காலத்திலோ வந்தது. அரபுக்காரர்கள் நம்மிடம் பார்த்துவிட்டு 'தம்ர் ஹிந்தி', இந்தியப் பேரீச்சை என்று பெயர் வைத்தார்கள். அதே ஆப்பிரிக்காவிலிருந்து நிஜாமின் குதிரைப்படைக்கு வந்தவர்களின் பெயரில் ஹைதராபாத்தில் ஏ.சி. கார்ட்ஸ், அதாவது ஆப்பிரிக்கன் கேவல்ரி கார்ட்ஸ், என்று ஒரு பேட்டையே இருக்கிறது. மூன்று வருடம் அந்தப் பெயர்ப்பலகையைப் பஸ்ஸிலிருந்து பார்த்தும், ஏ.சி. மெக்கானிக்குகளோடு சம்பந்தப்பட்டது என்று நினைத்திருந்தேன்.)

ஒருநாள் நானிமாவைக் கண் பரிசோதனைக்கு உஸ்மானியா ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனேன். சீட்டு வாங்க வரிசையில் நிற்காமல் நேரே வளாகத்துக்குள் இருந்த ஒரு புளியமரத்தடிக்குப் போனார். செருப்பைக் கழற்றினார். அடிமரத்தில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு உதடு அசைய என்னவோ சொன்னார். புளியமரத்தில் பேய் இருக்கும், கீழே படுக்காதே என்று கேட்டு வளர்ந்தவள் நான், தள்ளியே நின்றேன். என் பெண் ஓடிப்போய் அவரைப் போலவே கையை வைத்தாள்.

1908 செப்டம்பர் 28. மூசி நதி ஊருக்குள் புகுந்த நாள். செத்தவர்கள் 15,000 பேர் என்பது பொதுவாகச் சொல்லும் கணக்கு. பாலங்கள் போயின. கரையோரத்துப் பேட்டைகள் மண்ணோடு போயின. அம்ஜத் ஹைதராபாதி என்ற உருதுக் கவிஞர் அம்மா, மனைவி, மகள் மூவரையும் அந்த வெள்ளத்தில் இழந்தார். ஆஸ்பத்திரி இருக்கும் அஃப்சல்கஞ்சில், நானிமா கையை வைத்த அந்தப் புளியமரத்தில் ஏறிக்கொண்ட சுமார் 150 பேர் பிழைத்தார்கள். அந்த வெள்ளத்துக்குப் பிறகுதான் பொறியாளர் விஸ்வேஸ்வரய்யாவை வரவழைத்தார்கள். வெள்ளத்தைத் தடுக்க உஸ்மான் சாகர் நீர்த்தேக்கம் 1920-இலும் ஹிமாயத் சாகர் நீர்த்தேக்கம் 1927-இலும் கட்டி முடிந்தன. 150 பேரில் தன் பாட்டியின் தம்பி ஒருவர் என்றார் நானிமா. அன்றைக்கு மரத்தில் எத்தனை கிளை இருந்தது என்பதுகூட அவருக்குத் தெரிந்திருந்தது. நான் குறுக்கே எதுவும் கேட்கவில்லை.

ஆட்டோவில் திரும்பி வரும்போது எனக்கு ஒன்று தோன்றியது. நல்ல இடத்தில் சம்பந்தம் செய்தவனை 'புளியங்கொம்பாகப் பிடித்துவிட்டான்' என்போம் இல்லையா? முருங்கைக்கொம்பு சட்டென்று ஒடியும், புளியங்கொம்பு லேசில் ஒடியாது. வாழ்நாளெல்லாம் கேலிக்குச் சொன்ன பேச்சு. அதை இருட்டில், வெள்ளத்தில், நிஜமாகவே பிடித்துக்கொண்டு தொங்கியிருக்கிறார்கள். என் அரைத் தெலுங்கில் நானிமாவுக்கு விளக்கினேன். அவர் தமிழில் சொல்லச் சொன்னார். 'புள்ளிகொம்பு' என்றார். நக்கோ, தப்பு என்று என் பெண் திருத்தினாள். அவர் மறுபடி 'புள்ளிகொம்பு' என்றார். வீடு வரும்வரை இதே பாடம்.

சரி, உங்கள் பயணம். 23 வரிசையில் ஏதாவது ஒன்றைத் தூக்கிவிட்டு மீர் ஆலம் மண்டி என்று எழுதுங்கள். பழைய நகரத்துக் காய்கறிச் சந்தை. நீங்கள் போகிற மாதத்தில் புளியங்கொழுந்து குவித்து வைத்திருப்பார்கள். அம்மாவை முன்னால் நடக்கவிட்டு நீங்கள் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போங்கள். எல்லாம் அவருக்குத் தெரியும். கொழுந்தை உள்ளங்கையில் கசக்கி முகர்ந்து பார்ப்பார் பாருங்கள். அதைப் பருப்போடு சேர்த்துக் கடைந்தால் சிந்தசிகுரு பப்பு. நல்ல தெலுங்குச் சாப்பாட்டு மெஸ்ஸில் கேளுங்கள், பச்சி புலுசு உண்டா என்றும் கேளுங்கள். அதே கொழுந்தைக் கறியில் போட்டால் சிகுர் கோஷ்த், அது உங்களுக்கு. சாலன், பகாரா பைங்கன் இரண்டும் காய்தான், ஆனாலும் சில கடைகளில் கறிச்சாறு விடுவார்கள். அம்மாவுக்கு வாங்குமுன் கேட்டுவிடுங்கள். அப்புறமும் அவர் தயிர்சாதம் கேட்டால் வாங்கிக் கொடுங்கள், ஆனால் அவர் கேட்கட்டும்.

அன்புடன்.

பி.கு.: சாலார் ஜங் மியூசியத்தையும் சௌமஹல்லா அரண்மனையையும் வெள்ளிக்கிழமைக் கட்டத்தில் போட்டிருக்கிறீர்கள். இரண்டுக்கும் வெள்ளிக்கிழமை விடுமுறை. சனிக்கிழமை நண்பகல் 12 மணிக்கு மியூசியத்தில் ஒரு குட்டி மனிதன் கடிகாரத்திலிருந்து வந்து மணி அடிப்பான். சின்னவனுக்கு அதைக் காட்டவேண்டுமானால் ஃபிலிம் சிட்டியை வெள்ளிக்கிழமைக்கு நகர்த்துங்கள். கோல்கொண்டாவை விடவேண்டியதில்லை.